வெள்ளித் தகட்டில் ரோலிங் மில்லால் டெக்ஸ்ச்சர் பதிப்பது: ஒரே ஓட்டத்தில் ஆழமாக விழ என்ன செய்யலாம்?

கேள்வி சுருக்கமாக இது: கையால் சுற்றும் ரோலிங் மில் (இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே தகட்டை அழுத்தி ஓட்டும் கருவி) இருக்கிறது. 0.8 மிமீ கனமுள்ள 925 வெள்ளித் தகட்டின் மேல் லேஸ் துணியை வைத்து ஓட்டினால் டிசைன் மங்கலாக விழுகிறது. ஆழம் போதவில்லையே என்று மறுபடி ஓட்டினால் கோடுகள் இரட்டை இரட்டையாகத் தெரிகின்றன. தகடு பக்கவாட்டில் வளைந்தும் வெளியே வருகிறது. உப்புத்தாளை வைத்து ஓட்டலாமா, பதித்த தகட்டை மோதிரமாக வளைத்தால் டிசைன் நசுங்காதா என்பவை உடன் வந்த இரண்டு சந்தேகங்கள்.

முதலில் மங்கலுக்கு வருவோம். பலரும் லேஸைச் சந்தேகப்பட்டு வேறு துணி தேடப் போகிறார்கள். குறை பெரும்பாலும் லேஸில் இருப்பதில்லை, வெள்ளியின் பதத்தில் இருக்கிறது. உருளைக்குள் நடப்பது ஒரு பலப்பரீட்சை. எது மெத்தென்று இருக்கிறதோ அது விட்டுக்கொடுக்கும். பஞ்சு நூல் வெள்ளியைவிட எவ்வளவோ மென்மையானதுதான். ஆனால் நசுங்கி ஓட இடமில்லாமல் இறுகும்போது அது தன்னைவிடக் கடினமான உலோகத்தையும் பள்ளமாக்கிவிடும். அதற்கு வெள்ளி முழுமையாக இளகியிருக்க வேண்டும், அதாவது உருகாமல் சூட்டால் மென்மையாகியிருக்க வேண்டும். கடையிலிருந்து வந்த தகடு பெரும்பாலும் பாதி இறுக்கத்தில் இருக்கும். கையில் பிடித்து வளைத்தால் விறைப்புத் தெரியும். அந்த நிலையில் எத்தனை பலமாகச் சுற்றினாலும் லேஸ்தான் தட்டையாகும், வெள்ளியில் நிழல் மாதிரி ஒரு தடம் மட்டும் மிஞ்சும்.

ஆகவே சூடு காட்டி இளக்குவது இங்கே தயாரிப்பு வேலை அல்ல, பாதி வேலையே அதுதான். 925 வெள்ளிக்கு 600 முதல் 650 டிகிரி செல்சியஸ் போதும். வெளிச்சம் குறைந்த இடத்தில் பார்த்தால் தகடு மங்கலான சிவப்பு காட்டும் நேரம் அது. பட்டறையில் பளிச்சென்று விளக்கு எரிந்துகொண்டிருந்தால் இந்தச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது. தெரியும் வரை ஊதினால் சூடு எல்லை தாண்டிவிடும். வெண்காரத்தைக் குழைத்துத் தடவியிருந்தால் அது கண்ணாடிபோல் உருகித் தெளியும் கட்டத்தை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். பர்மனன்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அது மறைவதைக் கவனிப்பவர்களும் உண்டு. தீச்சுவாலையை ஒரே இடத்தில் நிறுத்தாமல் தகடு முழுக்க வீசிக்கொண்டே இருங்கள். ஒரு மூலை இளகி இன்னொரு மூலை விறைப்பாக இருந்தால் டிசைனும் ஒரு பக்கம் ஆழமாக, மறுபக்கம் மேலோட்டமாக விழும். சிவப்பு அடங்கியதும் தண்ணீரில் போடலாம். ஜெர்மானியம் கலந்த எளிதில் கறுக்காத வெள்ளி வகை என்றால் அவசரப்படாதீர்கள். அது சூட்டில் உடையும் குணமுள்ளது, நன்றாக ஆறவிட்டே தொட வேண்டும்.

கூடுதலாகச் சுட்டாலும் தொல்லை. உள்ளே படிகங்கள் பெரிதாக வளர்ந்துவிடும். தகட்டைப் பின்னால் வளைக்கும்போது மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளிபுள்ளியாகப் பொங்கி, நீங்கள் பாடுபட்டுப் பதித்த நுண்ணிய கோடுகளைக் கெடுக்கும். 925 வெள்ளி ஏறத்தாழ 800 டிகிரியிலேயே உருகத் தொடங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். சுத்த வெள்ளிக்கு அது 961 டிகிரி.

சுட்ட தகட்டை பிக்கிளில் (ஆக்சைடைக் கரைக்கும் மிதமான அமிலக் கரைசல்) போட்டு ஆக்சைடை நீக்கி, கழுவி, முழுக்க உலர்த்துங்கள். "முழுக்க" என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு சொட்டு ஈரம் உருளைக்குப் போனாலும் துருப்புள்ளி விழும். அந்தப் புள்ளி அதற்குப் பிறகு நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு தகட்டிலும் தன்னைப் பதித்துக்கொண்டே இருக்கும். பிக்கிளிலிருந்து எடுக்க இரும்புச் சாமணம் வேண்டாம், செம்பு அல்லது பிளாஸ்டிக் போதும். இரும்பு பட்டால் கரைசலில் உள்ள செம்பு வெள்ளியின் மேல் படிந்து தகடு இளஞ்சிவப்பாகிவிடும்.

இதோடு சேர்த்து ஒன்றைத் திட்டமிட வேண்டும். கறைகள், கீறல்கள், அடிக்கறை எல்லாவற்றையும் டிசைன் பதிப்பதற்கு முன்பே தீர்த்துவிட வேண்டும். பதித்த பிறகு அரத்தையும் உப்புத்தாளையும் அந்தப் பக்கம் கொண்டுபோக முடியாது. 925 வெள்ளியில் 7.5 சதவீதம் பெரும்பாலும் செம்புதான். அது சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து தோலுக்கு அடியில் சாம்பல் கலந்த ஊதா நிறத்தில் படரும். வழக்கமான நகையில் இதைத் தேய்த்து எடுப்போம். டெக்ஸ்ச்சர் தகட்டில் தேய்ப்பது என்றால் டிசைனையே தேய்ப்பது. இதற்கு எனக்குப் பிடித்த வழி, தகட்டைச் சுட்டு பிக்கிளில் போடுவதை மூன்று நான்கு முறை திரும்பச் செய்வது. ஒவ்வொரு சுற்றிலும் மேற்பரப்புச் செம்பு கரைந்து போக, வெண்மையான சுத்த வெள்ளித் தோல் ஒன்று மேலே உருவாகும். அந்தத் தோலில் பதியும் டிசைன் பால் வெள்ளையாக இருக்கும். பின்னால் பற்றவைக்கும்போதும் கறை அவ்வளவு சீக்கிரம் தலைகாட்டாது. இடையில் மெருகுப் பசை போட்டுத் தேய்த்தால் அந்தத் தோல் போய்விடும், அதனால் விட்டுவிடுங்கள்.

இரட்டைக் கோடு பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டம் ஒன்றுதான், இரண்டாவது ஓட்டம் கிடையாது. முதல் ஓட்டத்திலேயே வெள்ளி நீண்டுவிட்டது, லேஸும் இழுபட்டுவிட்டது. நூலை மறுபடி அதே பள்ளத்தில் உட்கார வைக்க யாராலும் முடியாது. டிசைன் இல்லாமல் வெறும் உருளையில் ஓட்டினாலோ மேடுகள் தட்டையாகி ஆழம் இன்னும் குறையும். மங்கலாக விழுந்த தகட்டைக் காப்பாற்றப் பார்க்காமல், திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் புதிதாக ஆரம்பியுங்கள். அதற்கு முன் மறுபடி இளக்க வேண்டும், ஒரு ஓட்டத்திலேயே வெள்ளி இறுகியிருக்கும்.

ஒரே ஓட்டத்தில் ஆழம் வேண்டுமென்றால் இடைவெளி சரியாக இருக்க வேண்டும். வெள்ளி, லேஸ், காப்புத் தகடு (லேஸின் மேல் வைத்து உருளையைக் காக்கும் உலோகத் தகடு) மூன்றையும் அடுக்கியபடியே உருளைகளின் வாயில் வையுங்கள். மேல் உருளையை மெல்ல இறக்கி, அடுக்கு லேசாகப் பிடிபடும் இடத்தில் நிறுத்துங்கள். அடுக்கை வெளியே எடுத்துவிட்டு, அங்கிருந்து இன்னும் எவ்வளவு இறுக்குகிறோம் என்பதே கணக்கு. இத்தனை சுற்று என்று பொதுவாகச் சொல்ல முடியாது. திருகின் புரி ஒவ்வொரு மில்லிலும் வேறு, லேஸின் தடிமனும் வேறு. திருகு டயலில் எண்கள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மார்க்கரால் நீங்களே கோடு போட்டுக்கொள்ளலாம். இளக்கிய செம்புத் துண்டில் முதலில் சோதித்துப் பாருங்கள். செம்பு 925 வெள்ளியைவிடச் சற்று மென்மை. ஆகவே செம்பில் திருப்தியாக விழுந்த அளவைவிட ஒரு பொடி கூடுதலாக இறுக்கித்தான் வெள்ளியை ஓட்ட வேண்டும். செம்பில் அருமையாக வந்தது வெள்ளியில் ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இங்கேயே கிடைத்துவிடும்.

சரியான இறுக்கத்தில் கைப்பிடி எதிர்த்து நிற்கும், ஆனால் நகரும். இரண்டு கையும் தோளும் சேர்ந்து ஒரே சீராகச் சுற்ற வேண்டியிருக்கும். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினால் தகட்டின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று விழும், அதை எடுக்கவே முடியாது. மில் மேசையோடு போல்ட் போட்டு அசையாமல் நிற்க வேண்டும். மேசை ஆடினால் உங்கள் பலத்தில் பாதி மேசைக்குப் போகிறது. கை போதவில்லை என்றால் தகட்டின் அகலத்தைக் குறையுங்கள். அகலம் பாதியானால் தேவைப்படும் விசையும் ஏறத்தாழ பாதியாகும். 60 மிமீ அகலத் தகட்டில் மங்கலாக வந்த அதே லேஸ் 25 மிமீ பட்டையில் துல்லியமாகப் பதிவதைப் பார்க்கலாம். கைப்பிடியில் குழாய் செருகி நீட்டி இழுக்கும் வித்தை வேண்டாம், பற்சக்கரம் உடையும்.

தகட்டின் கனமும் கணக்கில் வர வேண்டும். நல்ல பதிவு விழும் ஓட்டத்தில் தகடு பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை மெலியலாம். கனம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், அகலம் அதிகம் மாறாததால், நீளம் நாலில் ஒரு பங்கு கூடும். 1 மிமீ தகடு 0.8 ஆகும்போது 40 மிமீ நீளம் 50 ஆகிறது. 0.8 இல் தொடங்கினால் 0.65 பக்கம் வந்து நிற்பீர்கள். காதணிக்கு அது பரவாயில்லை, மோதிரத்துக்குப் போதாது. வெர்னியர் வேறு ஏமாற்றும். அதன் தாடைகள் மேடுகளின் உச்சியைத்தான் தொடுகின்றன, பள்ளத்தின் அடியில் மீதமுள்ள உலோகம் அது காட்டுவதைவிடக் குறைவு. மோதிரத்துக்கு 1.2 மிமீ, தொங்கட்டானுக்கு 0.9 அல்லது 1 மிமீ என்று தொடங்குவது என் வழக்கம். டிசைனை நறுக்கி எடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் பெரிய தகட்டில் பதித்து, பிடித்த இடத்தைப் பார்த்து வெட்டுங்கள். வெட்டிய வட்டத்தைப் பதித்தால் முட்டையாகத்தான் வெளியே வரும்.

பக்கவாட்டு வளைவு உருளைகள் இணையாக இல்லை என்பதைச் சொல்கிறது. எந்தப் பக்கம் அதிகம் நசுங்குகிறதோ அந்தப் பக்கம் அதிகம் நீளும், தகடு மற்றப் பக்கமாக வளையும். ஒரே தகட்டிலிருந்து வெட்டிய இரண்டு சிறு செம்புத் துண்டுகளை உருளையின் இரு ஓரத்திலும் ஒரே சமயத்தில் ஓட்டி மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால், பல மில்களில் மேலே இரண்டு திருகுகளையும் இணைக்கும் நடுச் சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஒரு பக்கத் திருகை மட்டும் சரி செய்ய வசதி இருக்கும். உருளைகள் சரியாக இருந்தும் வளைந்தால், தகட்டைக் கோணலாகச் செருகியிருப்பீர்கள். மேலே அல்லது கீழே சுருள்வது வேறு சமாச்சாரம். காப்புத் தகடும் வெள்ளியும் ஒரே அளவில் நீளாததால் அது வரும். கொட்டாப்புளியால் மரக்கட்டை மேல் தட்டினால் நேராகிவிடும். டிசைன் மரத்தைப் பார்த்து இருக்கட்டும், தட்டுவது பின்பக்கத்தில்.

உப்புத்தாள் கேள்விக்கு என் பதில், நேராக உருளையில் படும்படி ஒருபோதும் வேண்டாம். உருளை கடினமாக்கிய எஃகுதான், ஆனால் சிலிக்கன் கார்பைடும் அலுமினிய ஆக்சைடும் அதைவிடப் பல மடங்கு கடினம். மணிகள் உதிர்ந்து உருளையில் குழி போடும். வைத்தே ஆக வேண்டும் என்றால் பித்தளைத் தகட்டைப் புத்தக அட்டை போல மடித்து, அதற்குள் வெள்ளியையும் உப்புத்தாளையும் அடக்கி, மடிப்புப் பக்கம் முதலில் போகும்படி ஓட்டுங்கள். மடிப்பு முன்னால் போனால் அடுக்கு நழுவாது என்பது கூடுதல் லாபம். அப்படியும் சில மணிகள் வெள்ளிக்குள் புதையும், மெருகுப் பிரஷில் ஒட்டிக்கொண்டு அடுத்த நகையைக் கீறும். உப்புத்தாள் தரும் சொரசொரப்புக்கு நெருக்கமானதைக் கெட்டியான வாட்டர்கலர் தாளே தந்துவிடுகிறது. எனக்கு உப்புத்தாளின் அவசியம் புரிந்ததே இல்லை. எஃகு வலை, இரும்புக் கம்பி, எஃகு டிசைன் தகடு எதுவானாலும் இதே விதிதான். எஃகும் உருளையும் நேருக்கு நேர் சந்திக்கக் கூடாது.

பதிப்பதற்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பது ருசியைப் பொறுத்தது என்றாலும், ஒவ்வொன்றின் குணமும் தெரிந்திருந்தால் நல்லது. எல்லாமே தலைகீழாகப் பதியும்: பொருளில் மேடானது வெள்ளியில் பள்ளம். லேஸில் நூல் ஓடும் பாதை பள்ளமாகும், ஓட்டைகள் சிறு மொட்டுகளாக எழும்பும். கஞ்சி போட்டு விறைப்பாக்கிய பருத்தி லேஸ் நைலானைவிடத் துல்லியமாக விழுகிறது, ஒட்டிக்கொண்டாலும் சுட்டால் சாம்பலாகிப் போய்விடும். நைலான் உருகிப் பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும். பித்தளை வலை, நூலாகச் சுற்றிய செம்புக் கம்பி இரண்டும் ஆழமாகப் பதியும், ஆனால் சில சமயம் வெள்ளிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெள்ளியை மட்டும் இளக்கிவிட்டு வலையை இறுக்கமாகவே வைத்திருந்தால் பிரித்தெடுப்பது எளிது.

எனக்கு மிகவும் பிடித்தது வெட்டிய காகிதம். விசிட்டிங் கார்டு கனத்தில் ஒரு அட்டையை எடுத்து, கூர்மையான கத்தியால் ஓர் உருவத்தை வெட்டி நீக்கிவிட்டு, மெருகு போட்ட வெள்ளியின் மேல் வைத்து ஓட்டுங்கள். அட்டை அழுத்திய இடம் இறங்கி மணல் போன்ற மங்கலான பரப்பாகும். வெட்டி நீக்கிய உருவத்தின் இடத்தில் வெள்ளி பொங்கி மேலே எழும்பி, பழைய பளபளப்போடு அப்படியே நிற்கும். விளிம்பில் விரலை ஓட்டினால் ஒரு படி தட்டுப்படும். செதுக்குளி தொடாமல் செதுக்கிய தோற்றம். உருவத்தில் வட்டம் இருந்தால் ஓட்டும் திசையில் கொஞ்சம் நீண்டு வரும், அதனால் வெட்டும்போதே அந்தத் திசையில் சற்றுக் குறுக்கி வெட்டுங்கள். அட்டை ஒரு முறைக்குத்தான் உதவும். அதே டிசைன் பல தடவை வேண்டுமென்றால் கனமான பித்தளைத் தகட்டில் ஃபெரிக் குளோரைடால் அரித்து அச்சுத் தகடு செய்துகொள்ளலாம். பித்தளை ஒவ்வொரு ஓட்டத்திலும் இன்னும் இறுகும், நமக்கு அது சாதகம்தான். அதை ஒருபோதும் சுடாதீர்கள்.

இலை பதிக்க ஆசைப்படுபவர்கள் பச்சை இலையோடு தொடங்கி ஏமாறுகிறார்கள். சாறு நசுங்கி ஒழுகும், நரம்பு கலங்கும், உருளையில் ஈரம் படும். புத்தகத்தில் வைத்துக் காயவைத்த இலை, அல்லது சதை போய் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை சரிப்படும். நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கம் வெள்ளியைத் தொட வேண்டும். இலை மிகவும் மென்மை என்பதால் இங்கே சுத்த வெள்ளி கைகொடுக்கும், அது 925 ஐவிட நன்றாக இளகும். இந்த யோசனை பழையது. கோபன்ஹேகனில் பீட்டர் க்யூல் என்ற பொற்கொல்லர் 1833 வாக்கிலேயே இலை, லேஸ், இறகு போன்றவற்றை எஃகு உருளைகளுக்கு நடுவே உலோகத் தகட்டில் அழுத்திப் பதிக்கும் முறையை எழுதி வைத்தார். இருபது ஆண்டுகள் கழித்து வியன்னாவின் அரசு அச்சகத்தில் ஆலாய்ஸ் ஆவர் செடிகளை ஈயத் தகட்டில் அழுத்தி, அதிலிருந்து புத்தகப் படங்கள் அச்சடித்தார். ஈயத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நாம் மேலே பேசியதுதான். இலையின் நரம்புக்கு விட்டுக்கொடுக்கும் அளவுக்கு மெத்தென்ற உலோகம் தேவைப்பட்டது.

பதித்த பிறகு, அடுத்த சூட்டுக்கு முன் நார், தூசி, பசை எல்லாவற்றையும் அசிட்டோனால் துடைத்துவிடுங்கள். பற்றவைக்கும்போது பொடி (இணைப்பில் உருகி ஒட்டவைக்கும் உலோகக் கலவை) பள்ளங்களைப் பார்த்தால் உள்ளே ஓடிவிடும், ஒரு முறை நிரம்பினால் அந்த இடம் வழுவழுப்பாகவே நிற்கும். பொடியைக் குறைவாக வையுங்கள், முடிந்தவரை பின்பக்கத்திலிருந்து இழுங்கள், டிசைன் பக்கம் காவிமண்ணைக் குழைத்துப் பூசிக் காப்பாற்றுங்கள். கறுப்பு ஏற்ற விரும்பினால் வெள்ளியைக் கறுக்க வைக்கும் கந்தகச் சேர்மமான லிவர் ஆஃப் சல்பரை வெதுவெதுப்பான நீரில் கரைத்து முக்கலாம். பொன் நிறம், செவ்வூதா, நீலம் என்று ஓடி இறுதியில் கறுக்கும், வேண்டிய இடத்தில் குளிர்ந்த நீரில் போட்டு நிறுத்தலாம். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அந்தக் கரைசலும் பிக்கிளும் சேரவே கூடாது, ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு கிளம்பும். மேட்டில் உள்ள கறுப்பை நீக்க மெல்லிய பாலிஷ் தாளைத் தட்டையான மரத்துண்டில் ஒட்டித் தேய்க்க வேண்டும். துணியை விரலில் சுற்றித் தேய்த்தால் விரல் பள்ளத்துக்குள் இறங்கி அங்கிருக்கும் கறுப்பையும் எடுத்துவிடும். எஃகுக் குண்டுகளோடு டம்ளரில் (நகையை மெருகேற்றும் சுழலும் பீப்பாய்) சுற்றுவது லேஸுக்கும் வலைக்கும் நன்றாகவே பொருந்தும், இலை நரம்பின் கூர்மையை மட்டும் மழுக்கிவிடும்.

கடைசியாக மோதிரம். பதிந்த பட்டையை மறுபடி இளக்குங்கள், ஓட்டத்தில் அது இறுகியிருப்பதால் இளக்காமல் வளைத்தால் விரிசல் விழலாம். எஃகுத் தாடையுள்ள குறடு வேண்டாம், நைலான் தாடை அல்லது வெறும் கையே போதும். மோதிரக் கோலில் சுற்றும்போது டிசைன் வெளிப்பக்கம் வருவதால் அடி விழுவது அதன் மேல்தான். ஆகவே உலோகச் சுத்தியலைத் தொடாமல் தோல் அல்லது நைலான் சுத்தியலால், நடுவில் ஒரு தோல் துண்டு வைத்து, குத்தாமல் தள்ளுகிற மாதிரி தட்டுங்கள். அளவு கூட்டுவதற்காகக் கோலில் அடித்து நீட்டும் பழக்கம் இங்கே உதவாது. ஆகவே சுற்றளவை முன்கூட்டியே சரியாக வெட்ட வேண்டும்: உள்விட்டத்தோடு தகட்டின் கனத்தைக் கூட்டி 3.14 ஆல் பெருக்குங்கள். இணைப்பு விழும் இடத்தை லேஸில் ஒரே கண்ணி திரும்ப வரும் கோடாகப் பார்த்து வெட்டினால் இரண்டு முனையும் ஓரளவு பொருந்தும். அதற்கு நீளத்தைச் சுற்றளவைவிட இரண்டு கண்ணி கூடுதலாக வைத்துப் பதித்துக்கொள்ளுங்கள். தர முத்திரையையும் அளவையும் உள்பக்கத்தில் குத்துவது ஓட்டத்துக்குப் பிறகு, வளைப்பதற்கு முன். முன்பே குத்தினால் எழுத்தும் தகட்டோடு சேர்ந்து நீண்டுவிடும். குத்தும்போது டிசைன் பக்கத்தின் கீழே கெட்டியான தோலை விரித்துக்கொள்ளுங்கள். வெறும் பட்டடை மேல் வைத்துக் குத்தினால் முத்திரைக்கு நேர் பின்னால் டிசைனில் ஒரு வழுவழுப்பான பொட்டு விழும்.